632001: ஒரு பின்கோடின் உள்ளே

பின்கோடை யாரும் ஓர் எண்ணாக நினைப்பதில்லை. அதைக் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை, அதற்கு வட்டி போடுவதில்லை. வேலூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 632001. ஊரில் எத்தனையோ பேர் அதை நூற்றுக்கணக்கான முறை எழுதியிருப்பார்கள். ஆனால் "ஆறு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து ஒன்று" என்று அதை வாய்விட்டுப் படித்தவர் யாராவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆறு, மூன்று, இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று ஒப்பிப்பதோடு சரி.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள், நான் உறையில் முகவரி எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்: "மாமா, இந்த எண் எதனால் எல்லாம் வகுபடும்?" ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். வெயிலில் வெளியே போக முடியாத மதியம் அது. பழைய உறை ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் உட்கார்ந்து போட ஆரம்பித்தோம். அன்று போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. பெரிய எண் ஒன்றைக் கையில் எடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பள்ளிக் கணக்கு ஓரளவு நினைவிருந்தால் போதும்.

முதலில் பின்கோடின் முகத்தைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் இந்த முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை. காட்பாடிக்கு 632007, சி.எம்.சி. மருத்துவமனைக்கு 632004, வி.ஐ.டி.க்கு 632014. இவையெல்லாம் நாம் ஒட்டிய அடையாளங்கள். எண்ணுக்கு அவை தெரியாது. 632001 ஒரு முழு எண் என்ற முறையில் அதற்கென்று சில குணங்கள் உண்டு. அஞ்சல் துறை பிறப்பதற்கு முன்பும் அவை இருந்தன.

ஒரு முழு எண்ணின் குணத்தை அறிய அதன் காரணிகளைப் பார்க்க வேண்டும். அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்தாம் காரணிகள். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, 1-ஐவிடப் பெரிய எண்ணுக்குப் பகா எண் என்று பெயர்: 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம், வரிசையை மாற்றி எழுதுவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். அந்த ஒரே விதத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

கடைசி இலக்கம் 1. எனவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது. அடுத்து 3. இலக்கங்களைக் கூட்டினால் 6+3+2+0+0+1 = 12; அது 3-ஆல் வகுபடுவதால் 632001-உம் வகுபடும். இந்த விதியை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். காரணம் எளியது. 1,00,000 என்பது 99,999-உம் ஒன்றும். 10,000 என்பது 9,999-உம் ஒன்றும். 9, 99, 999 எல்லாமே 3-இன் மடங்குகள். அவற்றை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு இடத்திலும் மிஞ்சுவது அந்த இலக்கம் மட்டுமே. ஆகவே இலக்கங்களின் கூட்டல் எதைச் சொல்கிறதோ அதையே எண்ணும் சொல்லும். இதே காரணத்தால் 9-க்கும் இவ்விதி பொருந்தும்: 12 என்பது 9-இன் மடங்கு இல்லை, எனவே 632001 9-ஆல் வகுபடாது. காட்பாடியின் 632007-க்குக் கூட்டல் 18. அது 9-ஆல் வகுபடும். இந்த 9 விஷயம் பிறகு ஓர் இடத்தில் தேவைப்படும்.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்க்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001. பின்கோடை 632, 001 என்று இரண்டாகப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்: 631. இந்த 631-ஐ 7, 11, 13 வகுக்கிறதா என்று பார்த்தால் போதும். ஏனென்றால் 632001 என்பது 632 முறை 1001-ஐ எடுத்து அதிலிருந்து 631-ஐக் கழித்ததற்குச் சமம். 631-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் 4, 13-ஆல் 7. மூன்றும் இல்லை. (அரக்கோணத்துப் பின்கோடு 631 என்று தொடங்கும். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; கண்ணில் பட்டது, சொன்னேன்.)

ஆக 632001 = 3 × 210667. இனி 210667-ஐ உடைக்க வேண்டும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். 17, 19, 23 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போய், 97 வரை வந்தேன். எதுவும் வகுக்கவில்லை. "இது பகா எண்தான், விடு" என்று மாமாவுக்கு உரிய அதிகாரத்தோடு சொல்லிவிட்டு மோர் குடிக்க எழுந்தேன். "நூறோடு ஏன் நிறுத்தினீர்கள்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கை வலித்தது என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை.

எங்கே நிறுத்தலாம் என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அந்த இரண்டில் ஒன்று அதன் வர்க்க மூலத்தைத் தாண்டாது. இரண்டுமே தாண்டினால் பெருக்கல் அந்த எண்ணையே தாண்டிவிடும். எனவே வர்க்க மூலம் வரையுள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அதற்கு முன்னால் நிறுத்தவும் கூடாது. 459-இன் வர்க்கம் 210681; நம் 210667-ஐ அது தாண்டிவிடுகிறது. ஆக 458 வரை போயிருக்க வேண்டும். நான் கால் வழியைக்கூடத் தாண்டாமல் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மீண்டும் முதலிலிருந்து வந்தோம். முழு 632001-க்கே எல்லை எது என்று பார்க்கலாம் என்றாள். 800-இன் வர்க்கம் 6,40,000, கொஞ்சம் அதிகம். 795? ஐந்தில் முடியும் எண்ணின் வர்க்கத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: 79-ஐ அதற்கு அடுத்த 80-ஆல் பெருக்கினால் 6320, அதன் பக்கத்தில் 25 என்று எழுதினால் முடிந்தது. 632025. பென்சில் நின்றது. வேலூரின் பின்கோடு ஒரு முழு வர்க்கத்துக்கு வெறும் 24 குறைவு!

அந்த 24-ஐப் பார்த்ததும்தான் அடுத்த வழி நினைவுக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியில் இருந்தவர் பியர் தெ ஃபெர்மா. கணக்கு அவருக்கு ஓய்வுநேர வேலை. பெரிய எண்ணை உடைக்க, சிறிய பகா எண்களில் தொடங்கி மேலே ஏறுவதற்குப் பதிலாக, வர்க்க மூலத்தில் தொடங்கிப் பாருங்கள் என்பது அவருடைய யோசனை. அதன் அடிப்படை நம் எட்டாம் வகுப்பு முற்றொருமைதான்: a² − b² = (a + b)(a − b). உங்கள் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால், காரணிகள் தாமாகவே கையில் வந்துவிடும்.

இந்த முற்றொருமையைப் படமாகப் பார்ப்பது நல்லது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வெட்டுபவர்களுக்கு இது உடனே புரியும். சதுரமான தோல் துண்டு ஒன்று, பக்கம் a. அதன் ஒரு மூலையிலிருந்து b பக்கமுள்ள சிறு சதுரத்தை வெட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது மூலை போன துண்டு. அந்த வெட்டுக்கு நேராக இன்னொரு வெட்டுப் போட்டால் இரண்டு செவ்வகங்கள் கிடைக்கும்: ஒன்று a நீளம், a − b அகலம், மற்றொன்று a − b நீளம், b அகலம். சின்னதைத் திருப்பிப் பெரியதன் நுனியில் ஒட்டினால் a + b நீளமும் a − b அகலமும் உள்ள ஒரே செவ்வகம். தோல் கொஞ்சமும் வீணாகவில்லை.

இப்போது 632001-க்கு வருவோம். எந்த வர்க்கத்திலிருந்து எந்த வர்க்கத்தைக் கழித்தால் இது வரும்? 795-இல் தொடங்குகிறோம். 795² − 632001 = 24. இருபத்து நான்கு ஒரு வர்க்கமா? இல்லை. அடுத்து 796. புதிதாகப் பெருக்க வேண்டியதில்லை; 795-இன் வர்க்கத்திலிருந்து 796-இன் வர்க்கத்துக்குப் போக 795 + 796 = 1591-ஐக் கூட்டினால் போதும். வித்தியாசம் 24 + 1591 = 1615. 40-இன் வர்க்கம் 1600, 41-இன் வர்க்கம் 1681. எனவே இதுவும் இல்லை. அடுத்து 1593-ஐக் கூட்டுகிறோம்: 3208. இல்லை. அடுத்து 1595: 4803. இல்லை. அடுத்து 1597: 6400.

ஆறாயிரத்து நானூறு, 80-இன் வர்க்கம்! ஐந்தே அடிகளில் வந்துவிட்டது. 632001 = 799² − 80². ஆகவே 632001 = (799 + 80) × (799 − 80) = 879 × 719.

879-இன் இலக்கக் கூட்டல் 24. 3-ஆல் வகுத்தால் 293. அதன் வர்க்க மூலம் 17-ஐச் சற்றே தாண்டும்; 17 வரை எதுவும் வகுக்காததால் 293 பகா எண். 719-க்கு 23 வரை பார்த்தால் போதும். அதுவும் பகா எண். முடிந்தது:

632001 = 3 × 293 × 719.

வகுத்துக்கொண்டே போயிருந்தால் 293-ஐ எட்டியபோது கண்டுபிடித்திருப்போம். ஆனால் 2-இலிருந்து எண்ணினால் 293 அறுபத்திரண்டாவது பகா எண். அறுபத்திரண்டு வகுத்தல் எங்கே, நான்கு கூட்டல் எங்கே! ஃபெர்மாவின் வழி எப்போதும் இவ்வளவு விரைவாக ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு காரணிகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கும்போது மட்டுமே அது பறக்கும். 879-உம் 719-உம் அக்கம்பக்கத்து எண்கள், நமக்கு அதிர்ஷ்டம். ஒரு காரணி மிகச் சிறிதாகவும் மற்றது மிகப் பெரிதாகவும் இருந்தால் இந்த வழியில் ஆயுள் போய்விடும்.

சில எண்களுக்கு இந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கிறது. வி.ஐ.டி.யின் 632014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே வரும். எனவே இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு மீதி 0, 1, 3 வரலாம். 2 வரவே வராது. 632014-க்கு மீதி 2. எனவே அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக யாராலும் எழுத முடியாது. முதலில் அந்த 2-ஐ வெளியே எடுத்துவிட்டு, மிஞ்சும் ஒற்றை எண்ணோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கழித்தலில் கிடைத்தது கூட்டலிலும் கிடைக்குமா? 632001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்று அவள் கேட்டாள். முடியாது. அதற்கான காரணம் எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த பகுதி. எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டியது 3-ஆல் வகுபட வேண்டுமானால், இரண்டின் மீதியும் 0 ஆக இருந்தே தீர வேண்டும். 0 + 1, 1 + 1 இரண்டும் உதவாது. அப்படியானால் இரண்டு எண்களுமே 3-இன் மடங்குகள். அவற்றின் வர்க்கங்கள் 9-இன் மடங்குகள். கூட்டலும் 9-இன் மடங்கு. நம் எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. கதை முடிந்தது. லட்சக்கணக்கான ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்காமல், ஓர் இலக்கக் கூட்டலைக் கொண்டே அத்தனையையும் தள்ளிவிட்டோம்.

மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக வரும் எண்கள் தனிக் குடும்பம். அதில் மிகச் சிறியது 30, அதாவது 2 × 3 × 5. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் சரியாக எட்டுக் காரணிகள். ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு வாய்ப்பு. மூன்றுக்கும் சேர்த்து 2 × 2 × 2. வேலூர்க்காரர் எண்ணின் எட்டுக் காரணிகள்: 1, 3, 293, 719, 879, 2157, 210667, 632001. (2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததற்கும் இந்த மூன்று பகா எண்களுக்கும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. எண் சோதிடம் பார்ப்பவர்கள் விட மாட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன்.)

தன்னை விட்டுவிட்டு மற்ற ஏழையும் கூட்டினால் 214719. எண்ணைவிட இது மிகக் குறைவு. இப்படிப்பட்டதைக் குறைவு எண் என்பார்கள். 6-ஐப் போல 1 + 2 + 3 என்று சரியாகத் தன்னையே தருவது நிறைவு எண். தாண்டிவிட்டால் மிகை எண். சி.எம்.சி. மருத்துவமனையின் 632004 மிகை எண்: அது 2 × 2 × 3 × 52667, பன்னிரண்டு காரணிகள், தன்னை விட்டுவிட்டுக் கூட்டினால் 842700.

முன்னால் இருக்கும் 632000-ஐப் பாருங்கள். 632 என்பது 8 × 79. ஆயிரத்தில் மூன்று 2, மூன்று 5. மொத்தம் ஆறு 2, மூன்று 5, ஒரு 79. காரணிகள் 7 × 4 × 2 = 56. அடுத்த வீட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு, இவருக்கு எட்டு. அந்த ஐம்பத்தாறில் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இவரிடம் இல்லை, அதுவும் 1 என்பதுதான். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி வேறு இருக்க முடியாது, இருந்தால் அது அவற்றின் வித்தியாசமான 1-ஐயும் வகுக்க வேண்டியிருக்கும்.

இந்த உடைக்கும் வேலை வெறும் பொழுதுபோக்கா என்று கேட்பவர்களுக்கு: 879-ஐ 719-ஆல் பெருக்க ஒரு நிமிடம் போதும், 632001-ஐக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் ஒரு மதியம் போகிறது. பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்ற இந்த ஏற்றத்தாழ்வை வைத்தே 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ரகசியச் செய்தி அனுப்பும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். இணையத்தில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதில் பயன்படும் எண்கள் ஆறு இலக்கம் இல்லை, அறுநூறு இலக்கத்துக்கும் மேல். அதற்கான இரண்டு பகா எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கி இருக்கக் கூடாது என்பது விதி. காரணம் உங்களுக்கே தெரியும்: நெருங்கி இருந்தால் ஃபெர்மா ஐந்தாறு அடிகளில் பூட்டைத் திறந்துவிடுவார்.

மாலை வெயில் இறங்கியதும் வேறு ஓர் எண்ணைச் சொன்னேன். வேலூரில் யாரைக் கேட்டாலும் தெரிந்த எண்: 1806. கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த ஆண்டு, ஜூலை 10. இருநூறாம் ஆண்டான 2006-இல் அஞ்சல் துறை அதற்கு அஞ்சல் தலையும் வெளியிட்டது. 632001-க்குப் பக்கத்தில் வைத்தால் 1806 சின்ன எண்தான். ஆனால் குணத்தில் அதுதான் அபூர்வம் என்பேன். பின்கோடின் குடும்பத்தில் எண்ணற்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், இதன் குடும்பம் இதுவரை தெரிந்த அளவில் மிகச் சிறியது.

1806 = 2 × 3 × 7 × 43. ஆர்க்காட்டிலிருந்து 1806 மக்கன் பேடா வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி பெரிய அக்கா வீட்டுக்கு: 903. மூன்றில் ஒரு பங்கு சின்ன அக்கா வீட்டுக்கு: 602. ஏழில் ஒரு பங்கு சித்தப்பா வீட்டுக்கு: 258. நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அடுத்த வீட்டுக்கு: 42. எதையும் உடைக்க வேண்டியதில்லை, எல்லாம் முழுப் பேடாதான். கூட்டிப் பாருங்கள்: 1805.

தன் பகா காரணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கொடுத்த பிறகு சரியாக ஒன்றே ஒன்று மிஞ்சும் எண்கள் மிக மிகக் குறைவு. 2, 6, 42, 1806, 47058 என்று தொடங்கும். அதற்கு அடுத்தது 221 கோடியைத் தாண்டி நிற்கிறது. முதல் நான்குக்குள் ஒரு தொடர்பும் உண்டு: 2 × 3 = 6, 6 × 7 = 42, 42 × 43 = 1806. ஒவ்வொரு முறையும் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்குகிறோம். 1806-ஐ 1807-ஆல் பெருக்கிப் பார்த்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும், ஏனென்றால் 1807 பகா எண் இல்லை. அது 13 × 139.

அவள் 47058-ஐ உறையின் மிச்சமிருந்த மூலையில் எழுதி, 2, 3, 11, 23, 31 என்று பிரித்து, பங்குகளைக் கூட்ட ஆரம்பித்தாள். நான் அந்த உறைக்குப் பதிலாக வேறொன்றை எடுத்து மறுபடியும் முகவரி எழுதினேன். தபால் கட்டும் நேரம் தாண்டியிருந்தது.